முள் காட்டுவதெல்லாம் மெய்யா?
(ஹாம் வானொலி நிலையத்தின் திறன்மானியும் நிலை அலை மானியும்)

முன்னுரை

சந்தையில் காய்கறி வாங்கச் செல்லும் இல்லத்தரசி, காயைத் தட்டில் வைப்பதற்கு முன்பே தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறாள். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் "பூஜ்யப் பிழை உண்டா?" என்று முதலில் நோக்குகிறோம். பொருளை அளப்பதற்கு முன் அளக்கும் கருவியை அளந்தறிய வேண்டும் என்பதே இவ்விரண்டிலும் அடங்கிய பாடம்.

இப்பாடத்தை நன்கு விளக்கும் ஒரு துறை ஹாம் வானொலி. ஒவ்வொரு ஹாம் நிலையத்திலும் மேசை மீது ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் ஒரு முள்ளோ, இரண்டு முட்களோ ஆடிக்கொண்டிருக்கும். எத்தனை வாட் திறன் வெளியே செல்கிறது, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அப்பெட்டி காட்டுகிறது. அம்முள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஹாம் என்பவர் யார்?

வாணிக நோக்கம் சிறிதும் இன்றி, அறிவு வேட்கையினாலும் நட்பு நாட்டத்தினாலும் சொந்தமாக வானொலி நிலையம் அமைத்து, உலகின் பிற பகுதிகளில் உள்ளவர்களோடு பேசுவோரை ஹாம் என்கிறோம். அமெச்சூர் வானொலியாளர் என்பது அவர்களுடைய முறையான பெயர். நினைத்தவர் நினைத்தபடி இதைச் செய்துவிட முடியாது. தேர்வு எழுதி, அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியைப் பெற்ற பின்னரே வான்வெளியில் பேசலாம். எந்த அதிர்வெண்களில் பேசலாம், உச்ச அளவாக எத்தனை வாட் திறனை அனுப்பலாம் என்பனவும் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆகவே திறனை அளப்பது இவர்களுக்குக் கடமையும் ஆகிறது.

திறன் செல்லும் வழி

ஹாம் நிலையத்தில் மூன்று முக்கிய உறுப்புகள் உள்ளன. அலையைத் தோற்றுவிக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று. அதை மேலே கொண்டு செல்லும் கோ-ஆக்சியல் கேபிள் மற்றொன்று. வெளியில் பரப்பும் ஏரியல் மூன்றாவது. பெரும்பாலான ஹாம் நிலையங்களில் இம்மூன்றும் 50 ஓம் என்னும் மின்னெதிர்ப்புக்கு ஏற்றவாறு அமைக்கப்படுகின்றன. மூன்றும் பொருந்தியிருந்தால் கேபிள் கொண்டுவரும் திறன் முழுவதையும் ஏரியல் ஏற்றுக்கொள்ளும். பொருந்தாவிடில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நீண்ட கயிறு போதும். அதன் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து ஒருமுறை உதறுங்கள். ஒரு மேடு கயிற்றின் வழியே ஓடிக் கம்பியில் மோதித் திரும்பி வருவதைக் காணலாம். தொடர்ந்து ஆட்டினால் செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து, சில இடங்களில் கயிறு பெரிதாக ஆடும். சில இடங்களில் அசையாதது போல நிற்கும். இவையே நிலை அலைகள். கேபிளிலும் இதுவே நடைபெறுகிறது. அதில் மின்னழுத்தம் மிகுந்த இடத்து அளவை, குறைந்த இடத்து அளவால் வகுத்து வரும் எண்ணே நிலை அலை விகிதம். ஹாம்கள் இதை எஸ்.டபிள்யூ.ஆர். என்று சொல்லுவார்கள்.

கணக்கு எளியது. திரும்பும் திறனை மேற்செல்லும் திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் காண வேண்டும். இதற்கு எதிரொளிப்புக் கெழு என்று பெயர். ஒன்றுடன் இதைக் கூட்டி வரும் எண்ணை, ஒன்றிலிருந்து இதைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மேற்செல்வது 100 வாட், திரும்புவது 4 வாட் என்று கொள்வோம். 4/100-இன் வர்க்கமூலம் 0.2. ஆகவே 1.2-ஐ 0.8-ஆல் வகுக்க, விகிதம் 1.5 ஆகிறது. திரும்புவது 11 வாட் ஆனால் விகிதம் 2. 25 வாட் ஆனால் 3. எதுவும் திரும்பாவிடில் விகிதம் 1. அதுவே முழுப் பொருத்தம்.

கருவி அளக்கும் விதம்

ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் எதிரெதிராக ஓடும் இரண்டு அலைகளைக் கருவி எவ்வாறு பிரித்தறிகிறது? கேபிளில் உள்ள மின்னழுத்தத்தில் ஒரு சிறு மாதிரியையும், மின்னோட்டத்தில் ஒரு சிறு மாதிரியையும் அது எடுத்துக்கொள்கிறது. மேற்செல்லும் அலையில் இவ்விரண்டும் ஒத்த திசையில் இருக்கும். திரும்பும் அலையில் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். ஆகவே இரு மாதிரிகளையும் கூட்டினால் மேற்செல்லும் அலை மட்டும் மிஞ்சும். கழித்தால் திரும்பும் அலை மட்டும் மிஞ்சும். அவ்வாறு கிடைக்கும் மாறுமின்னழுத்தத்தை ஒரு டையோடு நேர்மின்னழுத்தமாக மாற்றுகிறது. அது முள்ளை நகர்த்துகிறது.

இக்கருவி ஹாம்களின் கைக்கு எட்டிய வரலாறும் சுவையானது. 1956-இல் அமெரிக்க ஹாம் இதழான "கியூ.எஸ்.டி."யில் லூயிஸ் மெக்காய் என்பவர் "மானிமேட்ச்" என்னும் எளிய கருவியை விளக்கினார். வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடியதாக இருந்ததால் அது வேகமாகப் பரவியது. ஆனால் அதிர்வெண் கூடக்கூட அதன் முள்ளும் கூடுதலாக விலகும். எனவே விகிதத்தைக் காண அது உதவிற்றே தவிர, எல்லா அதிர்வெண்களுக்கும் பொதுவாக வாட் அளவைப் பொறிக்க அதனால் இயலவில்லை. 1959-இல் அதே இதழில் காலின்ஸ் வானொலி நிறுவனத்துப் பொறியாளர் வாரன் புரூன், வளைய வடிவச் சிறு மின்மாற்றியைக் கொண்டு மின்னோட்டத்தின் மாதிரியை எடுக்கும் அமைப்பை விளக்கினார். இதன் அளவீடு அதிர்வெண்ணுக்கு ஏற்ப அவ்வளவாக மாறுவதில்லை. பின்னர் வந்த பல மானிகள் இவ்வமைப்பைத் தழுவியவையே.

பிழைகள் தோன்றும் இடங்கள்

முதலாவது, "முழு அளவில் இத்தனை விழுக்காடு" என்னும் சொற்றொடர். ஹாம்களிடையே பெரும் மதிப்புப் பெற்ற பேர்டு 43 என்னும் திறன்மானியை எடுத்துக்கொள்வோம். அதன் துல்லியம் முழு அளவில் 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதைச் செய்தவர்களே குறிப்பிடுகிறார்கள். இது முள் காட்டும் அளவில் 5 விழுக்காடு அன்று. முகப்பின் கடைசி எண்ணில் 5 விழுக்காடு. 100 வாட் வரை அளக்கும் உறுப்பைப் பொருத்தினால், பிழை எந்த இடத்திலும் 5 வாட் வரை இருக்கலாம். முள் 100-ஐக் காட்டும்போது உண்மை 95-க்கும் 105-க்கும் இடையே இருக்கும். முள் 10-ஐக் காட்டும்போதோ உண்மை 5 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம்!

இதனால் நிலை அலை விகிதம் என்ன ஆகும்? மேற்செல்வது 100 வாட் என்றும் திரும்புவது 4 வாட் என்றும் முள் காட்டினால், நாம் 1.5 என்று எழுதிக்கொள்வோம். ஆனால் திரும்பும் திறன் உண்மையில் சுழியத்திலிருந்து 9 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே உண்மை விகிதம் 1-லிருந்து 1.89 வரை எங்கேயும் இருக்கலாம். திரும்பும் திறனை மட்டும் 10 வாட் உறுப்பைக் கொண்டு அளந்தால், பிழை அரை வாட் ஆகச் சுருங்குகிறது. அப்போது விகிதம் 1.45-க்கும் 1.56-க்கும் இடையில் உள்ளது என்று உறுதியாகச் சொல்லலாம். கருவி அதேதான், தக்க அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததே வேறுபாடு. நகையை நிறுக்க மூட்டை நிறுக்கும் தராசை யாரும் தேடிப் போவதில்லை அன்றோ?

இரண்டாவது, டையோடின் இயல்பு. டையோடு தன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தும் முன் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானியம் டையோடு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 வோல்ட் வரையும், சிலிக்கன் டையோடு 0.6 முதல் 0.7 வோல்ட் வரையும் எடுத்துக்கொள்ளும். பெரிய மின்னழுத்தத்தில் இது பொருட்டன்று. சிறிய மின்னழுத்தத்தில் இதுவே பெரும் பங்கு. எளிமைக்காக 0.3 வோல்ட் என்று வைத்துக் கணக்கிடுவோம். உண்மை விகிதம் 1.5 உள்ள நிலையத்தில், குறைந்த திறனில், மேற்செல்லும் மாதிரி 2 வோல்ட், திரும்பும் மாதிரி 0.4 வோல்ட் என்று கொள்வோம். டையோடைக் கடந்த பின் இவை 1.7 வோல்ட், 0.1 வோல்ட் ஆகிவிடும். இப்போது கணக்கிட்டால் விகிதம் ஏறத்தாழ 1.1 என்று வருகிறது. பிழை நமக்கு இனிமையான பக்கமாகவே சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலையம் மிகச் சிறப்பாக இருப்பதாகக் கருவி முகத்துதி செய்கிறது. குறை கூறும் கருவியை ஆராய்வோம். புகழும் கருவியை யார் ஆராய்வார்?

மூன்றாவது, திசையைப் பிரித்தறியும் ஆற்றல். கூட்டலும் கழித்தலும் முழுத் துல்லியமாக நடைபெறுவதில்லை. மேற்செல்லும் அலையில் ஒரு சிறு பகுதி, திரும்பும் பக்கத்து முள்ளிலும் கசிந்துவிடும். இக்கசிவு 20 டெசிபெல் கீழே உள்ளது என்றால், நூற்றில் ஒரு பங்கு திறன் கசிகிறது என்று பொருள். முழுப் பொருத்தம் உடைய நிலையத்திலும் அத்தகைய கருவி 1.2 என்று காட்டும். உண்மை விகிதம் 1.5 ஆனால், கசிவும் திரும்பும் அலையும் சேரும் முறையைப் பொறுத்து 1.2 முதல் 1.86 வரை எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

நான்காவது, கருவியைத் தகாத இடத்தில் பயன்படுத்துதல். 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கச் செய்த மானியை 145 மெகாஹெர்ட்ஸில் இணைத்தால் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. 50 ஓமுக்கு எனச் செய்த மானியின் முன் 75 ஓம் சுமையை வைத்தால், அது 1.5 என்றுதான் காட்டும்.

ஐந்தாவது, பேச்சின் இயல்பு. மனிதக் குரல் ஒரே சீராக இருப்பதில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசும்போது திறன் அசைக்கு அசை ஏறி இறங்குகிறது. கனமான முள்ளால் அந்த வேகத்தைப் பின்தொடர இயலாது. அது உச்சத்தைக் காட்டாமல் ஏதோ ஒரு சராசரியைக் காட்டி நிற்கும். சட்டமோ பல நாடுகளில் உச்சத் திறனுக்கே எல்லை வகுக்கிறது. அமெரிக்க நாட்டில் ஹாம்களுக்கு உரிய எல்லை உச்ச அளவில் 1500 வாட். 2500 வாட் உறுப்பைக் கொண்டு, முழு அளவில் 5 விழுக்காடு பிழை உள்ள மானியால் அதை அளப்பவர், 1500 என்று முள் காட்டும்போது 1375 வாட்டில் இருக்கலாம். 1625 வாட்டிலும் இருக்கலாம். எல்லைக் கோட்டின் மீதே நடப்பவர் தம் கருவியின் பிழைக்கும் இடம் விட்டு நடப்பதே நேர்மை.

மீட்டர் பொய் சொல்லாமலே நாம் ஏமாறுவது

மேலே கூறியவை கருவியின் குறைகள். கருவியிடம் எந்தக் குறையும் இல்லாமலே நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

எந்தக் கேபிளும் தன் வழியே செல்லும் திறனில் ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கிவிடும். 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள், 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கும் மேற்பட்ட திறனை விழுங்கும். இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். கேபிள் சரியாகப் பாதியை விழுங்குகிறது; ஏரியல் அறுந்து விழுந்துவிட்டது. டிரான்ஸ்மிட்டர் 100 வாட்டை அனுப்புகிறது. மேலே சேர்வது 50 வாட். அறுந்த முனையில் அந்த 50 வாட்டும் திரும்புகிறது. கீழே வருவதற்குள் அதிலும் பாதி போய்விட, மானியின் முன் வந்து சேர்வது 25 வாட். கருவி 3 என்று காட்டும். ஏரியலே இல்லாத நிலையத்தில், "சற்றே பொருத்தம் குறைவு" என்றுதானே நாம் எண்ணிக்கொள்வோம்!

ஏரியல் இருந்து, அதன் விகிதம் 3 ஆக இருந்தால் என்னவாகும்? மேலே சேரும் 50 வாட்டில் கால் பங்கான 12.5 வாட் திரும்பும். கீழே வந்து சேர்வது 6.25 வாட். கருவி காட்டும் விகிதம் 1.67 மட்டுமே. இங்கே கருவி தன் முன் வந்ததைச் சரியாகவே சொன்னது. கேபிளின் அடியில் நின்றுகொண்டு ஏரியலைப் பற்றி முடிவு கட்டியதுதான் தவறு.

கடற்கரை ஊர்களில் இதை நன்கு நினைவில் வைக்க வேண்டும். உப்புக் காற்றாலும் மழையாலும் கேபிளின் இணைப்பு வழியே நீர் புகுந்தால் இழப்பு கூடும். இழப்பு கூடினால் திரும்பும் அலை குறையும். திரும்பும் அலை குறைந்தால் விகிதம் அழகாக 1-ஐ நெருங்கும்! எந்த மாற்றமும் செய்யாத நிலையத்தில் ஆண்டுக்கு ஆண்டு எஸ்.டபிள்யூ.ஆர். தானாகவே நலமடைந்து வந்தால், அது கேபிள் நோயுற்றதன் அடையாளமாக இருக்கலாம். ஆகவே, இயன்றபோது ஏரியலின் அடியிலேயே ஒருமுறை அளந்து பார்த்தல் நலம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

இவ்வளவையும் படித்த பின், "மிக விலையுயர்ந்த கருவி இல்லாமல் நிலையமே நடத்த முடியாதோ?" என்ற ஐயம் எழலாம். அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. எதற்காக அளக்கிறோம் என்பதே தேவையான துல்லியத்தை முடிவு செய்கிறது.

தொலைவில் கேட்பவருக்கு 100 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபெல். அதைக் காது அரிதாகவே உணரும். ஹாம்கள் ஒலியின் வலிமையைக் குறிக்கும் எஸ் அலகில் ஒரு படி ஏற, 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு திறன் வேண்டும். ஆகவே, மறுமுனையில் கேட்பவரைப் பொறுத்த மட்டில் பத்து விழுக்காட்டுப் பிழை பொருட்டன்று. அதேபோல் 1.5 என்னும் விகிதத்தில் திரும்புவது நூற்றில் நான்கு பங்குதான். அதை 1 ஆக்குவதற்காக நாள்முழுதும் ஏரியலை வெட்டியும் ஒட்டியும் துன்புறுவது வீண்.

ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை. ஒன்று, உரிமத்தில் குறித்த எல்லையை மீறாதிருத்தல். இரண்டு, பெரும் பொருத்தமின்மையால் டிரான்ஸ்மிட்டரின் இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர்கள் கெடாமல் காத்தல். மூன்று, நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள மாற்றத்தைக் கண்டுபிடித்தல். மூன்றாவதற்குச் சாதாரணக் கருவியே போதும். அது ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகத் தவறினாலும், மாற்றத்தைச் சரியாகவே காட்டிவிடும்.

கருவியைச் சோதிக்கும் முறை

சோதனைகளை உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். உயர் அதிர்வெண் மின்சாரம் தோலைச் சுட்டுவிடும். சுமை மின்தடையும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும்.

1. ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் போலிச் சுமையை இணைக்க வேண்டும். திரும்பும் திறன் சுழியமாகக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அதுவே கருவியின் பூஜ்யப் பிழை.

2. கருவியைத் திருப்பி, உள்வாயையும் வெளிவாயையும் மாற்றி இணைக்க வேண்டும். மேற்செல்லும் அளவும் திரும்பும் அளவும் இடம் மாறிக்கொள்ள வேண்டும், எண்கள் மாறக்கூடாது.

3. இரண்டு 50 ஓம் சுமைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 25 ஓம் ஆகும். அப்போது கருவி 2 என்று காட்ட வேண்டும்.

4. இந்தச் சுமையையே வைத்துக்கொண்டு 100 வாட், 50 வாட், 10 வாட் எனத் திறனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். விகிதம் மாறக்கூடாது. திறன் குறையக் குறைய விகிதமும் குறைந்தால், டையோடு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று அறியலாம்.

5. ஒரே 50 ஓம் சுமையை மீண்டும் இணைத்து, அதன் குறுக்கே உச்ச மின்னழுத்தத்தை அளக்கலாம். அதன் வர்க்கத்தை 100-ஆல், அதாவது மின்தடையின் இரு மடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும். 100 வோல்ட் உச்சம் இருந்தால் 100 வாட். இங்கும் ஒரு எச்சரிக்கை: வர்க்கம் காண்பதால் பிழையும் பெருகும். 95 வோல்ட் என்று தவறாகப் படித்தால் திறன் 90 வாட் என்று வரும். வோல்ட்டில் 5 விழுக்காட்டுப் பிழை, வாட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகிறது.

6. காண்பவற்றை நாளுடன் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இக்காலத்தில் எண்களை ஒளிரவிடும் கருவிகளும் வந்துள்ளன. "47.386 வாட்" என்று ஒரு கருவி காட்டினால் கடைசி மூன்று இலக்கங்களையும் நம்ப வேண்டும் என்பதில்லை. மீச்சிற்றளவு சிறிதாக இருப்பது வேறு; அளவு சரியாக இருப்பது வேறு. பையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. போன்ற புதிய கருவிகளில், அளக்கும் முன் திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் வைத்துப் பயன்படுத்துவோரே கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த 50 ஓம் துண்டு சரியாக இல்லாவிடில் பின்னர் வரும் அளவுகள் யாவும் பிழையே.

அப்படியானால் முதற்கருவி எதனோடு ஒப்பிடப்பட்டது? அதைவிடத் துல்லியமான ஒன்றோடு, அதுவும் மற்றொன்றோடு. இச்சங்கிலி இறுதியில் ஒரு நாட்டின் அளவியல் நிலையத்தில் சென்று முடிகிறது. நம் நாட்டில் அப்பொறுப்பைப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஏற்றுள்ளது. திறனை வெப்பமாக்கி அளக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. அது நமக்கும் புரியக்கூடியதே. 100 வாட் திறன் 10 நிமிடம் பாய்ந்தால் 60,000 ஜூல். வெப்பம் வெளியே கசியாமல் காத்தால், அது ஒரு கிலோகிராம் நீரை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ் சூடாக்கும். ஜூல் கற்பித்த பாடம் வானொலித் திறனையும் அளக்க உதவுகிறது!

இதனால் யாருக்கு என்ன பயன்?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண் ஹாம் தம் குழுவினருடன் அந்தமான் தீவுகளுக்குச் சென்றிருந்தார். அரிதாகவே கேட்கும் அத்தீவுகளிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதே அவர்களுடைய நோக்கம். டிசம்பர் 26-ஆம் நாள் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த வேளையில், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அக்குழுவின் வானொலி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டு சென்றது. பொழுதுபோக்கு எனத் தொடங்கியது உற்றாரைத் தேடித் தவித்தவர்களுக்கு ஆறுதல் ஆயிற்று.

இத்தகைய வேளையில் பல நிலையங்கள் பாட்டரியில் இயங்க வேண்டியிருக்கும். 100 வாட் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. நீர் புகுந்த கேபிள் அதில் பாதியை வெப்பமாக்கிவிட, மேசை மீதுள்ள முள் மட்டும் "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டிருந்தால், பாட்டரியின் பாதி வாழ்நாள் வீணாகும். அமைதிக் காலத்தில் கருவியைச் சோதித்து வைத்தவருக்கே ஆபத்துக் காலத்தில் தம் நிலையம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது தெரியும்.

முடிவுரை

ஹாம் வானொலியில் ஈடுபடாத நம்மில் பலருக்கும் இப்பாடம் உரியதே. நாளை நம்மில் ஒருவர் மருத்துவமனையில் இரத்த அழுத்தமானியைக் கையாளலாம். மற்றொருவர் ஆய்வுக்கூடத்தில் மருந்தை நிறுக்கலாம். வேறொருவர் தொழிற்சாலையில் கொதிகலனின் அழுத்தத்தைக் கண்காணிக்கலாம். எங்கும் ஒரு முள்ளோ ஒளிரும் எண்ணோ நம்மை நோக்கி ஒன்றைக் கூறிக்கொண்டிருக்கும். அதை இகழவும் வேண்டாம். கண்மூடி வணங்கவும் வேண்டாம். "இதன் பிழை எவ்வளவு? எந்தப் பக்கம் சாயும்? கடைசியாக எதனோடு ஒப்பிடப்பட்டது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். விரும்பிய விடையைக் கருவி தரும்போது இக்கேள்விகளை இன்னும் உரக்கக் கேட்போம். அளவை எழுதும்போது அதன் பிழையையும் உடன் எழுதுவோம். அதுவே அறிவியலுக்கு நாம் செய்யும் நேர்மை.